சாஸ்திரி இறந்தது பத்தா, பதினொன்றா?

கேள்வி: எங்கள் பாடசாலைக் காலைக்கூட்டத்தில் 'வரலாற்றில் இன்று' வாசிக்கிறோம். ஜனவரி 10 என் முறை. விலைக்கு வாங்கிய தாளில் அன்றுதான் லால் பகதூர் சாஸ்திரி இறந்தார் என்று இருக்கிறது. சக ஆசிரியர் 11 என்கிறார். எதை வாசிப்பது?
- ஓர் ஆசிரியை, ஹட்டன்

பதில்: 11தான் சரி, டீச்சர். 1966 ஜனவரி 10 அன்று தாஷ்கந்தில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் பாகிஸ்தான் ஜனாதிபதி அயூப்கானும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அன்றிரவு படுக்கப் போன சாஸ்திரி, நடுச்சாமம் தாண்டி ஒன்றரை மணியளவில் இறந்தார். நம் வீடுகளில் இதைப் 'பத்தாந் தேதி ராத்திரி' என்றுதான் சொல்வோம். விடிந்தால்தானே நமக்கு மறுநாள்! பேச்சில் அது பிழையில்லை. எழுத்தில் மட்டும் இரவு பன்னிரண்டோடு தேதி மாறிவிடும். அதனால் கையெழுத்தை 10இலும் மரணத்தை 11இலும் வாசியுங்கள். 1964 ஒக்டோபர் 30இல் அப்போதைய நம் பிரதமர் சிறிமாவுடன் ஒப்பந்தம் செய்து நம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அழைத்துக்கொள்ளச் சம்மதித்தவர் இவர்தான் என்பதையும் ஒரு வரி சேருங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் தாத்தா, பாட்டியிடம் கேட்பார்கள்.

அந்தத் தாளை இனி வாங்காதீர்கள். வருடம் பிறந்ததும் பாடசாலை பாடசாலையாக ஏறி, அதிபர் மேசையில் கட்டுக்கட்டாக வைத்துவிட்டுப் போகிறார்கள். அச்சடிக்கிறவர் யாரென்று தெரியாது, பிழை சொன்னால் திருத்துவாரும் இல்லை. என்னிடம் வந்த ஒரு தாளில் ஜனவரி 10க்கு 1946இல் லண்டனில் ஐ.நா. பொதுச்சபை முதன்முதலாகக் கூடியது இருக்கிறது, 1920இல் முதலாம் உலகப் போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது இருக்கிறது. ஹேவாஹெட்ட முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததும் இதே ஜனவரி 10தான், 1940இல். அது இல்லை! வாசி வாசி என்கிற மேலிடத்துக்காவது இது கண்ணில் பட வேண்டாமா? 1974இல் யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் பொலிஸ் நடவடிக்கையால் உயிர்கள் போனதும் இதே தேதி. அதுவும் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். எந்தத் தேதியைக் கண்டாலும் அது கையெழுத்திட்ட நாளா, அமலுக்கு வந்த நாளா என்று பாருங்கள். வெர்சாய் கையெழுத்தானது 1919 ஜூன் 28. நாடும் வருடமும் இல்லாத வரியை வாசிக்கவே வேண்டாம். நாலு வரி போதும். முதல் வரி கோவிந்தனாக இருக்கட்டும், முல்லோயா எங்கே இருக்கிறதென்று படத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள்.