மாதம் 45,000 சம்பளம், வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள்: சேமிப்பு ஏன் நிற்பதில்லை?

பெரும்பாலும் காரணம் காபிச் செலவோ ஓட்டலோ அல்ல, மாதாமாதம் வராத செலவுகள்தான். சென்னையில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. பள்ளிக் கட்டணம் ஜூனில் மொத்தமாக வந்து நிற்கும், பிறகு தீபாவளி.

இவற்றை மாதக் கணக்காக்குங்கள். கரண்ட் பில் 2,400 என்றால் மாதம் 1,200. பள்ளி 36,000 என்றால் 3,000. தீபாவளி 12,000 என்றால் 1,000. வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 3,600 என்றால் 300. ஆக 5,500. சம்பளம் வந்த அன்றே இதைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்கை யுபிஐயில் இணைக்காதீர்கள். இது சேமிப்பு அல்ல, தள்ளிப்போட்ட செலவு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஜூனில் சேமிப்பை உடைக்கிறோம்.

ஏசி ஓடும் வீடா? இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, குறைந்த கட்டணப் படியில் இருக்கும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் கூடுதல் விலை. மீட்டரை நடுவில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான சேமிப்புக்கு அஞ்சலக ஆர்டி (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு) போதும். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், காலம் 5 ஆண்டு. கணக்கை 15ஆம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15க்குள் கட்ட வேண்டும். தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். மூன்று ஆண்டுக்குப் பின் முன்கூட்டியே முடித்தால் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான். அதனால் கட்ட முடிந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே ஆரம்பியுங்கள்.

நகைச்சீட்டு? பதினொரு மாதம் கட்டினாலும் பெரும்பாலும் நகைதான் கிடைக்கும், ரொக்கம் அல்ல. கல்யாணத்துக்குச் சரி, ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவாது.