ரத்தக்குழாய் யார் சொல்லிச் சுருங்குகிறது? கேள்வி பதில்

பிசியோதெரபி மாணவி: சார், ரத்தக்குழாய் சுருங்க நரம்பு வழியாக உத்தரவு வந்தாக வேண்டுமா?

பதில்: உத்தரவும் வரும், வராவிட்டாலும் வேலை நடக்கும். நரம்புத் தொடர்பே இல்லாத சிறுதமனிக்குள், அதாவது தமனியின் மெல்லிய கிளைக்குள், அழுத்தத்தை ஏற்றிப் பாருங்கள். முதலில் லேசாக உப்பும், அப்புறம் தானாகவே இறுகும். லண்டனில் உடலியலாளர் வில்லியம் பேய்லிஸ் 1902இலேயே இதை எழுதிவிட்டார். சுவரிலுள்ள மென்தசை இழுபட்டதும் செல் சவ்வின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் வாயில்கள் திறக்கும். உள்ளே புகும் கால்சியம்தான் தசையை இறுக்குகிறது.

இன்னொருவர்: பிரஷர் ஏறினால் குழாய் விரிவதுதானே இயல்பு?

பதில்: ரப்பர் குழாய் என்றால் சரி. மூளையிலும் சிறுநீரகத்திலும் அப்படி விரிந்தால், பின்னால் இருக்கும் நுண்குழாய்கள் அத்தனை அழுத்தத்தையும் வாங்கவேண்டி வரும். அதனால் முன்னாலேயே சிறுதமனி இறுகிக்கொள்கிறது. பெரிதாக இறுகவும் தேவையில்லை: ஆரம் 10 சதவீதம் குறைந்தாலே ஓட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

பள்ளி ஆசிரியர்: அப்படியென்றால் தளர்த்துவது யார்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். அமெரிக்க மருந்தியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனியை வெட்டி எடுத்து, நரம்புகள் சுரக்கும் ரசாயனமான அசிட்டைல்கோலினை விட்டுப் பார்த்தார். உள்பக்கம் உரசப்பட்ட துண்டு தளரவில்லை. உரசாமல் எடுத்த துண்டு தளர்ந்தது. ஆக, ஒற்றைச் செல் தடிமனுள்ள உள்பூச்சான எண்டோதீலியம் ஏதோ ஒன்றைச் சுரக்கிறது என்று 1980இல் அறிவித்தார். அது நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு எனப் பின்னர் தெரிந்தது. 1998இல் நோபல் பரிசு, இக்னாரோ, முராட் இருவரோடும் சேர்த்து. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் கொடுப்பதும் இதே வாயுவைத்தான்.

பெயர் வேண்டாம் என்றவர்: நைட்ரேட் மாத்திரையோடு வயாகரா?

பதில்: கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழும்.

ஒரு மகள்: அப்பாவுக்கு ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து கணுக்கால் வீக்கம். கிட்னி கோளாறா?

பதில்: மாத்திரையாலேயே வரலாம், ஆனாலும் டாக்டர் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். முதல் பதிலில் சொன்ன கால்சியம் வாயிலை அடைப்பதே இந்த மருந்து. சிறுதமனி தளர்ந்துவிடும், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் சிரைப் பக்கம் அவ்வளவாகத் தளராது. நடுவில் மாட்டிய நுண்குழாயில் அழுத்தம் ஏறி நீர் வெளியே கசிகிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் அளவைக் குறைக்கலாம் அல்லது மாற்றலாம். இந்த வகை வீக்கத்துக்கு நீர் மாத்திரை பெரிதாக உதவாது. உடம்பில் நீர் கூடியதால் வந்ததல்ல அது.