டன் என்றால் எத்தனை கிலோ? – கேள்வி பதில்

கப்பல்களில் குளிர்சாதனப் பொறியாளராக இருந்து, இப்போது ஏசி சர்வீஸ் நடத்தும் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

ஈரோட்டு இல்லத்தரசி: அண்ணா, எங்கள் ஒன்றரை டன் ஏசியை ரெண்டு பேர்தான் தூக்கி வந்தார்கள். எது ஒன்றரை டன்?

பனிக்கட்டி, தங்கச்சி. ஏசி மெஷின் வருவதற்கு முன்பு குளிர்ச்சி என்றாலே ஐஸ்தான். பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த ஐஸ், மரத்தூள் போட்டுக் கப்பலேறி மதராஸ் வரைக்கும் வந்தது. அதைச் சேமித்த கட்டிடம்தான் மெரினாவில் உள்ள ஐஸ் ஹவுஸ். 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இப்போது விவேகானந்தர் இல்லம். மெஷின் வந்தபோது, ஐஸ் வாங்கிப் பழகியவர்களுக்கு அது எத்தனை டன் ஐஸுக்குச் சமம் என்று சொன்னால்தானே புரியும்? அமெரிக்க டன் 2,000 பவுண்டு. அவ்வளவு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கும் சூட்டை மணிக் கணக்கில் போட்டால் 12,000 பிடியு (சூட்டை அளக்கும் அலகு), அதாவது சுமார் 3,517 வாட். அதுதான் ஏசிக்காரர்களின் ஒரு டன்.

அந்தக் கணக்கில் ஒன்றரை டன் என்றால் 5,275 வாட் வர வேண்டும். 4,800 வாட்டையும் ஒன்றரை டன் என்றே விற்கிறார்கள். ஸ்டார் லேபிளில் குளிர்விக்கும் திறனை வாட்டில் போட்டிருக்கும், பாருங்கள்.

கேள்வி: அப்போ உள்ளே இருக்கும் கேஸ் ஒன்றரை டன்னா?

இல்லை. வீட்டு ஏசியில் கேஸ் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும்.

கேள்வி: பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை டன்?

நேரே மேலே மொட்டை மாடியா, மேற்கு வெயில் அடிக்குமா என்று தெரியாமல் சொல்வது ஜோசியம். இருக்கட்டும் என்று பெரிதாக வாங்காதீர்கள். சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரப்பதம் இறங்காது. லேபிளில் வாட் பாருங்கள்.

தூத்துக்குடிக்காரன்: சார், டைட்டானிக் 46,328 டன் என்று ஒரு இடத்தில், 52,310 டன் என்று இன்னொரு இடத்தில் இருக்கிறது. எது பொய்?

ரெண்டும் நிஜம். 52,310 என்பது கப்பல் ஒதுக்கித் தள்ளிய தண்ணீரின் எடை, அதாவது கப்பலின் எடை, பிரிட்டிஷ் டன்னில் (2,240 பவுண்டு, 1,016 கிலோ). 46,328 எடையே இல்லை. கப்பலின் உள்ளிடம்.

தூத்துக்குடிக்காரன்: இடத்தை எப்படி சார் டன்னில் அளப்பது? தப்பாக இருக்கிறதே.

அந்தக் காலத்தில் ஒரு கப்பலில் எத்தனை பெரிய ஒயின் பீப்பாய் ஏறும் என்று எண்ணி வரி போட்டார்கள். அந்தப் பீப்பாயின் பெயர்தான் டன். பிற்பாடு 100 கன அடிக்கு ஒரு டன் என்று வைத்தார்கள். துறைமுகக் கட்டணம் கப்பல் சம்பாதிக்கும் இடத்துக்குத்தானே, அதன் இரும்புக்கு எதற்கு? இன்று 'கிராஸ் டன்னேஜ்' என்று வேறு சூத்திரம் போடுகிறார்கள். அதுவும் உள்ளிடக் கணக்குதான்.

லாரி ஓனர், கரூர்: அண்ணே, 100 கன அடி எங்கள் மணல் யூனிட் ஆச்சே! ஒரு யூனிட் நாலு டன்னுக்கு மேல் நிற்கும். உங்கள் கணக்கில் ஒரு டன்னா?

அதேதான்! அளவு ஒன்று, பெயர் வேறு. உங்கள் யூனிட்டை எடை மேடையில் ஏற்றினால் மெட்ரிக் டன் வரும், 1,000 கிலோ. கப்பல்காரனின் 100 கன அடிக்கு எடை மேடையே கிடையாது. உள்ளே பஞ்சு ஏற்றினாலும் அதே டன், இரும்பு ஏற்றினாலும் அதே டன்.

கேள்வி: கோலி டன் அடித்தார் என்கிறார்களே?

நூறு ரன். கிரிக்கெட் ஆட்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஹிரோஷிமா குண்டு 15,000 டன் கனமா?

குண்டு நாலரை டன்கூட இல்லை. ஏறக்குறைய 15,000 டன் டிஎன்டி வெடிமருந்து வெடித்தால் வரும் சக்தி அது.

கேள்வி: ஒன்றரை டன் ஏசியின் எடை எவ்வளவு?

முதல் பதிலைப் படியுங்கள். அப்புறம் லேபிளில் வாட்.

வீடு கட்டுகிறவர், நாமக்கல்: லாரி அண்ணன் சொன்னதால் கேட்கிறேன். ஆற்று மணலை டன்னில் வாங்கலாமா, யூனிட்டிலா?

எனக்கு ஏசி தெரியும், கப்பல் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். ஈர மணலை எடை போட்டு வாங்கினால் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறீர்கள். யூனிட்டில் வாங்கினாலும் ஈர மணல் உப்பி நிற்கும், காய்ந்ததும் அளவு குறையும். காய்ந்த லோடாகக் கேளுங்கள்.

லாரி ஓனர், கரூர்: அண்ணே, காய்ந்த லோடு எங்கே கிடைக்கும் என்றும் சொல்லிவிடுங்கள்!