பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஈரத்தின் வழியைத் தேடுங்கள்: வீட்டுப் பராமரிப்பு கேள்வி பதில்

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஈரத்தைப் பற்றியவை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: தரைத்தளப் படுக்கையறையில் சுவர் கீழிருந்து மூன்றடி உயரம் வரை உரிகிறது. இரண்டு முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தும் ஆறே மாதத்தில் மறுபடி வெண்மையாகப் பூத்துவிட்டது. எந்தப் பெயின்ட் நிற்கும் சார்?

எந்தப் பெயின்டும் நிற்காது. அந்த வெண்மை உப்பு. மண்ணிலுள்ள ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். அது படிகமாகும்போது பூச்சை உள்ளிருந்தே தள்ளி உதிர்க்கும். இப்படி ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். நீங்கள் சொல்லும் மூன்றடியும் அதற்குப் பொருந்துகிறது.

முதலில் சுவரின் மறுபக்கத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே குளியலறை இருந்தால் குழாய்க் கசிவைச் சந்தேகப்பட வேண்டும். திறந்தவெளி என்றால் மண் மட்டத்தைப் பாருங்கள். தோட்டத்துக்கு மண் கொட்டியோ, நடைபாதைக்கு சிமென்ட் தளம் போட்டோ வெளி மட்டத்தை உயர்த்தியிருப்பார்கள். அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பட்டை (ஈரம் ஏறாமல் சுவரின் குறுக்கே போடும் அடுக்கு) இருந்தாலும், மண் அதைத் தாண்டி ஏறிவிட்டால் பயனில்லை. வெளி மட்டம் அந்தப் பட்டைக்கு ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். மண்ணை வெட்டி இறக்கியதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஈரத்தடுப்புப் பட்டையே இல்லை என்றால், சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு ஈரத்தடுப்பு ரசாயனம் செலுத்தும் முறை உண்டு. அதில் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள்.

அதன்பின் உப்பு ஏறிய பூச்சை, கறை தெரியும் இடத்துக்கு ஓரடி மேல்வரை கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைக் காயவிடுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் எவ்வளவு நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பொறுமை இல்லாமல்தான் இரண்டு முறை செலவு செய்திருக்கிறீர்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், அது கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் அலமாரிக்குப் பின்னால் மட்டும் கறுப்புப் பூஞ்சை. இதுவும் ஓதமா?

ஓர் அடி சதுர அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது. இரண்டாவதாக இருந்தால் அலமாரியை நான்கு விரல்கடை தள்ளி வையுங்கள், அறைக்குள் துணி காயப்போடாதீர்கள், காற்றோட்டம் கொடுங்கள்.

கேள்வி: மழை பெய்தால் மாடித் தளம் ஒழுகுகிறது. மேலே முழுவதும் கோட்டிங் அடித்துவிட்டால் போதும் என்கிறார்கள். அடிக்கலாமா?

அதற்கு முன் ஒரு சோதனை. மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்துவிட்டு, இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். தளத்தின் நிலை மோசமாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், எடை கூடும். ஒழுகவில்லை என்றால் குற்றவாளி தளமில்லை. கட்டிய தண்ணீர் எட்டாத கைப்பிடிச் சுவரின் மேல்பகுதி, அடைத்துவைத்த மழைநீர்க் குழாய், சுவர் வெடிப்பு இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அடைப்பை எடுத்தபின் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்றும் பாருங்கள். நூறு அடிக்கு ஓரடியாவது வாட்டம், அதாவது சரிவு வேண்டும். வாட்டமில்லாத தளத்தில் கோட்டிங் அடித்தால் தேங்கும் தண்ணீரே அதை உரித்துவிடும்.

கேள்வி: சமையலறைக் கூரையில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. சிமென்ட் பூசினால் சரியாகிவிடும் என்கிறார் கொத்தனார்.

தயவுசெய்து பூசி மறைக்காதீர்கள். இரும்பு துருப்பிடித்தால் இரண்டு மடங்குக்கும் மேல் பருத்துவிடும். அந்த அழுத்தத்தில்தான் காங்கிரீட் வெடித்து விழுகிறது. துருவின் மேல் பூசினால் அடுத்த முறை இன்னும் பெரிய துண்டு விழும், கீழே நிற்பவர் தலையில். அந்த இடத்துக்குக் கீழே யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அவர்தான் அளந்து சொல்ல வேண்டும். தளர்ந்த காங்கிரீட்டை உதிர்த்து, கம்பியின் பின்புறம் வரை துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலந்த கலவையால் நிரப்புவது முறை. மேலே ஒழுகலை நிறுத்தாமல் இதைச் செய்தால் அதுவும் வீண்.

கேள்வி: கதவு மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு. பயப்பட வேண்டுமா?

மயிரிழை அளவு என்றால் பெரும்பாலும் பூச்சு சுருங்கியதுதான். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், அகலத்தையும் குறித்துவையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டியும் நகரவில்லை என்றால் அடைத்துவிடலாம். வளர்ந்தால், 5 மில்லிமீட்டரைத் தாண்டினால், ஒரு முனை அகன்று மறுமுனை ஒடுங்கியிருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். அப்போது பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: யாரும் பயன்படுத்தாத குளியலறையில் சாக்கடை நாற்றம்.

நஹானி டிராப்பில், அதாவது தரையில் தண்ணீர் வடியும் வாய்க்குக் கீழே உள்ள கிண்ணத்தில், நிற்கும் தண்ணீர் காய்ந்துவிட்டது. அந்தத் தண்ணீர்தான் நாற்றத்துக்குத் தடுப்பு. வாரம் ஒரு வாளி ஊற்றுங்கள்.

கேள்வி: பழைய வீடு ஒன்றை வாங்கப் பார்க்கிறோம். ஒரே முறைதான் பார்க்க விடுவார்கள் போலிருக்கிறது. எதைப் பார்ப்பது?

முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். வாசலில் நின்று வரவேற்பறையை ரசிக்காமல், நேராக மேல்தளக் குளியலறைக்குக் கீழே உள்ள கூரையைப் பாருங்கள். பிறகு படிக்கட்டின் அடிப்பக்கம், சன்ஷேட், தண்ணீர்த் தொட்டியின் கீழ்ப்புறம். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் ஏன் என்று நேரடியாகக் கேளுங்கள். மரச்சட்டங்களின் ஓரத்தில் மண்கோடு போனால் அது கரையான். எல்லாக் கதவு ஜன்னலையும் திறந்து மூடுங்கள், பல இடத்தில் இழுத்துப் பிடித்தால் கட்டடம் இறங்கியிருக்கலாம். எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லித் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள், அது ஓடினால் எங்கோ கசிவு இருக்கிறது. மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும்.

பார்க்க ஒரு முறைதான் விடுவார்கள் என்றால், அந்த ஒரு முறையும் பொறியாளரைக் கூடவே அழைத்துப் போங்கள். அட்வான்ஸ் கொடுத்தபின் அழைத்துப் போகாதீர்கள்.