கேள்வி-பதில்: கணினியைப் பாகம் பாகமாக வாங்கலாமா?

கேள்வி: பாகங்களைத் தனித்தனியே வாங்கி நானே கணினியைப் பூட்டினால் பணம் மிச்சமாகுமா?

பதில்: கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் இணையத்தில் உலவவும் மட்டும் என்றால் மிச்சமாகாது. பெரிய நிறுவனங்கள் பாகங்களை மொத்தமாகக் கொள்முதல் செய்வதால் அவர்கள் விலைக்கு உங்களால் பூட்ட முடிவது அரிது. விண்டோஸ் உரிமத்துக்கும் தனியே செலவாகும். விளையாட்டு, காணொளித் தொகுப்பு போன்ற கனமான வேலைகள் இருந்தால், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு செலவிடுவது என்று நீங்களே தீர்மானிக்கலாம். உண்மையான ஆதாயம் அதுதான். ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனித்தனி என்பதால், கணினி உயிர் பெறாவிட்டால் பழுது எதில் என்று கண்டுபிடிக்கும் வேலையும் உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: "ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு கணினியை வாங்கினேன். விண்டோஸ் 11-ஐ ஏற்க மறுக்கிறது. ஏன்?

பதில்: இன்டெல் பிராசசர்களுக்கு ஐ7 என்ற பெயர் 2008 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 2011-இல் வந்த ஐ7-2600-உம் ஐ7தான். 2022-இல் வந்த ஐ3-12100 அதை எளிதாக முந்திவிடும். இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு முறையான ஆதரவு உண்டு. பிராசசரின் முழு மாடல் எண்ணைக் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டு என்னிடம் ஏன் என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

கேள்வி: நான் பார்த்துவைத்திருக்கும் கணினியின் விவரப் பட்டியலில் எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் வழங்கும் பெட்டி) பற்றி "500 வாட்" என்று மட்டுமே இருக்கிறது. அது போதுமா?

பதில்: போதாது. பிராசசரின் பெயரையும் கேபினட்டில் மின்னும் விளக்குகளின் நிறத்தையும் பக்கம் பக்கமாக விவரிப்பவர்கள், எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் அவர்கள் முதலில் கைவைப்பது அதில்தான் என்பது என் நெடுநாள் ஆதங்கம். அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 25 ஆம்பியர் என்று இருந்தால், மேலே எவ்வளவு பெரிய எழுத்தில் 500 என்று அச்சிட்டிருந்தாலும், பிராசசரும், திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டும் பெரிதும் நம்பியிருக்கும் அந்த வழியில் கிடைக்கப்போவது 300 வாட்தான். "80 பிளஸ்" முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவுகோலே தவிர, மின்னழுத்தம் தாறுமாறாக ஏறும்போது அந்தப் பெட்டி மற்ற பாகங்களைக் காப்பாற்றும் என்பதற்கான உறுதிமொழி அல்ல. இன்னொன்று: பூட்டி விற்கும் சில நிறுவனங்கள் மதர்போர்டுக்கு (பாகங்களெல்லாம் பொருந்தும் தாய்ப்பலகை) மின்சாரம் கொண்டுபோகும் வழக்கமான 24 முள் இணைப்பை விட்டுவிட்டுத் தமக்கென்று ஓர் இணைப்பை வைத்துக்கொள்கின்றன. அப்படிப்பட்ட கணினியில் எஸ்.எம்.பி.எஸ். பழுதானால் மீண்டும் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். பெட்டியின் தயாரிப்பாளர் யார், மாடல் எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் வேறு கடையைப் பாருங்கள்.

கேள்வி: புதியது என்று பூட்டிக் கொடுத்த கணினியில் கிராபிக்ஸ் கார்டின் விசிறியில் தூசி படிந்திருக்கிறது, திருகுகளின் தலையும் தேய்ந்திருக்கிறது. கேட்டால் "சோதித்துப் பார்த்தோம்" என்கிறார்கள்.

பதில்: சோதித்துப் பார்த்ததில் விசிறியின் இடுக்குவரை தூசி படியாது. நீங்கள் சந்தேகப்படுவதில் தவறே இல்லை. எதையும் துடைக்காமல், கழற்றாமல், கார்டையும் அதன் வரிசை எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் வாங்கிய தேதிக்கு வெகு முன்பே வாரண்டி தொடங்கியிருந்தால் அதுவே வலுவான சான்று. பில்லின் நகலையும் சேர்த்து, மாற்றித் தரவேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று கெடு குறிப்பிட்டு எழுதுங்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தால் உங்களைச் சோர்ந்துபோக வைத்துவிடுவார்கள்.

கேள்வி: முகப்பு முழுவதும் கண்ணாடியால் ஆன கேபினட் அழகாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: என்னிடம் ஒன்று இருக்கிறது. உள்ளே காற்று புக வழியில்லாததால் இப்போது அதில் பழைய கேபிள்கள் குடியிருக்கின்றன. வலை முகப்பு உள்ளதை வாங்குங்கள்.

கேள்வி: டிடிஆர்5 ரேமை வாங்கிவிட்டேன். முந்தைய தலைமுறை ரேமுக்கான என் டிடிஆர்4 மதர்போர்டில் இறங்க மறுக்கிறது. இன்னும் அழுத்தலாமா?

பதில்: கூடாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதே நீங்கள் அழுத்தக்கூடாது என்பதற்காகத்தான். ரேம் உடையாமல் இருந்தால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டைப் பூட்டியும் விளையாட்டில் வேகம் துளியும் கூடவில்லை.

பதில்: மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் படம் கார்டைத் தொடாமலே திரைக்குப் போகிறது; கழற்றிக் கார்டில் செருகுங்கள்.