14ஆம் ஃப்ரெட்டில் ஒரு ரிஷபம்

வணக்கம் சார்,

பர்கூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ராத்திரி ஷட்டர் இறக்கின பிறகுதான் கிட்டார். அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரியின் லிக்குகள், அதாவது சின்னச் சின்ன இசைத்துணுக்குகள், முதல் நாலு ஃப்ரெட்டுக்குள் (வீணையில் மெட்டு என்பது போல) ஓரளவு வந்துவிட்டன. அதைத் தாண்டினால் தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கின மாதிரி முழிக்கிறேன். ஐந்து சுர ஸ்கேலான பென்டடானிக்கின் 'பெட்டிகள்', அதாவது விரல் வடிவங்கள், ஐந்தும் மனப்பாடம். வாசித்தால் ஸ்கேல்தான் கேட்கிறது, கன்ட்ரி கேட்கவில்லை. சின்ன வயதில் கிருஷ்ணகிரியில் பாட்டி வீட்டில் இருந்தபோது ஐந்து வருஷம் வீணை கற்றதுண்டு. வழி சொல்லுங்கள்.

ச., பர்கூர்

அன்புள்ள ச.,

வீணையைப் போகிற போக்கில் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

நீங்கள் உருப்போட்ட மேஜர் பென்டடானிக் வேறொன்றும் இல்லை, மோகன ராகம்: ச ரி க ப த. வீணையில் யாராவது பெட்டி பார்த்தா வாசிக்கிறார்கள்? ஒரே தந்தியில் கை நடந்து போகிறது. கிட்டாரிலும் நடக்க விடுங்கள். 3வது தந்தியைச் சும்மா மீட்டினால் ஜி, அது சட்ஜம். 2, 4, 7, 9, 12 ஃப்ரெட்டுகளில் ரி, க, ப, த, மேல் ச. ஒரு வாரம் அந்தத் தந்தியை விட்டு வெளியே வராதீர்கள். நடுநடுவே 3ஆம் ஃப்ரெட்டில் அரை சுரம் கீழே இருக்கும் சாதாரண காந்தாரத்தைத் தொட்டு உடனே 4க்கு வழுக்குங்கள். மோகனத்துக்கு ஆகாது, கன்ட்ரிக்கு அதுதான் உப்பு.

அப்புறம் பெண்ட், அதாவது அழுத்தின தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றுவது. கன்ட்ரி லீடின் பாதி ருசி பெடல் ஸ்டீல் என்ற மிதி வைத்த கிட்டார்போல ஒலிக்கப் பார்ப்பதில் இருக்கிறது. அந்தக் கருவியில் மிதியை அழுத்தினால் சில தந்திகளின் சுருதி மட்டும் ஏறும், மற்றவை அசையாது. இதற்கு ஆசைப்பட்டுத்தான் 1960களின் பின்பாதியில் இசைக்கலைஞர்கள் க்ளாரன்ஸ் ஒயிட்டும் ஜீன் பார்சன்ஸும், கிட்டாரை மாட்டும் தோள்வாரை இழுத்தால் 2வது தந்தி ஒரு முழு சுரம் ஏறும்படி டெலிகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டாருக்குள் ஒரு பொறியையே வைத்தார்கள். நமக்கு விரல் போதும். 3வது தந்தி 14ஆம் ஃப்ரெட்டில் ரி, நடுவிரல். ஆள்காட்டி விரல் அதற்குப் பின்னால் முட்டுக்கொடுக்கட்டும். 2வது தந்தி 15இல் ப, மோதிர விரல். முதல் தந்தி 15இல் ச, சுண்டு விரல். மூன்றையும் மீட்டி, ரி-யை மட்டும் 4வது தந்திப் பக்கம் தள்ளி க வரைக்கும் ஏற்றுங்கள். ஜி கார்ட், அதாவது ஜி-யின் சுரக்கூட்டு, முழுசாக வந்து உட்காரும்.

உங்கள் கை உடனே கமகம் போட்டு ஆட்டப் பார்க்கும். விடாதீர்கள். ஏற வேண்டும், நிற்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இது வர மூன்று மாதம் ஆனது, அதுவும் வீணை தெரியாமல்.

இந்த மூன்று விரல் வடிவத்தை அப்படியே நகர்த்தினால் கார்ட் மாறும். 3, 2, 1 தந்திகளில் 9, 10, 10 ஃப்ரெட்டுகள் என்றால் டி கார்ட். பெட்டிகளைவிட இது சுலபமான வரைபடம்.

உங்களிடம் இருப்பது எலக்ட்ரிக்கா, அக்கூஸ்டிக்கா? எழுதவில்லை. அக்கூஸ்டிக் என்றால் பெரும்பாலும் 14ஆம் ஃப்ரெட்டிலேயே கிட்டாரின் உடம்பு வந்துவிடும், 3வது தந்தியும் கம்பி சுற்றினதாக இருக்கும். இழுத்தால் விரல்தான் போகும். என் முதல் கிட்டாரில் 12ஆம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு ரூபாய்க் காசு மூன்று அடுக்கலாம், அத்தனை உயரத்தில் தந்தியை அழுத்தவே கஷ்டம். விற்றவர் "பழகப் பழகச் சரியாகும்" என்றார். நானும் ஒரு வருஷம் நம்பினேன். உங்களுடையதிலும் காசு வைத்துப் பாருங்கள்.

ஒரு மாதம் கழித்து ஃபோனில் பதிவு செய்து அனுப்புங்கள். பின்னால் ஷட்டர் சத்தம் கேட்டாலும் பரவாயில்லை.