எஜியாவ்: பிள்ளை பெற்றவர் சாப்பிடலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன். குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. உடன் வேலை பார்க்கும் சீனத் தோழி, ரத்தம் ஊறும் என்று ஒரு பெட்டி எஜியாவ் வில்லைகள் கொடுத்தார். கழுதைத் தோலாமே? சாப்பிடலாமா?

பதில்: ஆமாம், கழுதைத் தோல்தான். அதை நெடுநேரம் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டினோடு எள், அக்ரூட் எல்லாம் சேர்த்து வில்லை போடுகிறார்கள். பெட்டியில் எஜியாவின் லத்தீன் பெயரான 'கொல்லா கோரி அசினி' இருக்கிறதா பாருங்கள். மலிவான சரக்கில் மாடு, பன்றித் தோல் கலந்ததும் பிடிபட்டிருக்கிறது.

உங்களுக்குச் சோகை இருந்தால் பெரும்பாலும் வேண்டியது இரும்புச்சத்து. ஜெலட்டின் வெறும் புரதம், அதுவும் டிரிப்டோஃபான் என்ற அவசியமான அமினோ அமிலம் இல்லாத குறைப் புரதம். ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் இருப்பில் உள்ள இரும்பைக் காட்டும் அளவு) பார்த்து டாக்டர் தரும் மாத்திரையை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

உடம்புக்கு அவ்வளவுதான் விஷயம். நான் வேண்டாம் என்பதற்குப் பெரிய காரணம் வேறு. 1990களின் தொடக்கத்தில் சீனாவில் ஒரு கோடிக்கு மேல் கழுதைகள் இருந்தன; இன்று 20 லட்சம்கூட இல்லை. சினைக்காலமே ஒரு வருடத்துக்கு மேல், ஈற்றுக்கு ஒரே குட்டி. பன்றி, கோழி மாதிரிப் பெருக்க முடியாது. அதனால் வியாபாரிகள் ஆப்பிரிக்கா பக்கம் திரும்பினார்கள். வருடத்துக்குச் சுமார் 59 லட்சம் தோல்கள் தேவைப்படுவதாக பிரிட்டனின் 'டாங்கி சாங்சுவரி' அமைப்பு 2024-இல் கணக்குச் சொன்னது.

கென்யாவில் இதற்கென்றே கழுதை அறுப்புக்கூடங்கள் வந்தன. வாங்கியது போதாமல் திருட்டும் தொடங்கியது; ராத்திரி கட்டியிருந்த கழுதை காலையில் புதர் ஓரம் தோலுரிந்து கிடக்கும். அங்கே தண்ணீரும் விறகும் கழுதை முதுகில்தான் வரும். அது போனால் அந்தச் சுமை வீட்டுப் பெண்களின் முதுகுக்கு வருகிறது. 2020-இல் அரசு தடை போட்டது. அடுத்த வருடமே நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் கண்டம் முழுக்கத் தோலுக்காகக் கழுதை அறுப்பதை நிறுத்த முடிவெடுத்தது. நடைமுறைப்படுத்த வேண்டியது ஒவ்வொரு நாடும்தான். கடத்தல் அதற்குள் நின்றுவிடுமா என்ன!

உங்கள் கையில் உள்ள பெட்டி எந்த நாட்டுக் கழுதை என்று கடைக்காரருக்கே தெரியாது. சாப்பிடுவது உங்கள் இஷ்டம். காசு கொடுத்து அடுத்த பெட்டி வாங்காதீர்கள். அழகு க்ரீம், கொலாஜன் பானம் வாங்கும்போதும் அந்த லத்தீன் பெயர் இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் வேண்டாம்.

தோழியிடம் முகம் சுளிக்க வேண்டாம், நம் பத்தியச் சாப்பாடு மாதிரி அக்கறையில் கொடுத்ததுதானே. சீனர்களின் பிரசவப் பத்தியத்தில் செம்பேரீச்சை (சீன இலந்தைப் பழம்) காய்ச்சிய தண்ணீரும் உண்டு. அதைக் காய்ச்சித் தரச் சொல்லிக் கேளுங்கள், சந்தோஷமாகச் செய்வார்.